முதுகில் ஒரு கொம்பு

ஃபோர்ட்ஸ்ஹைமில் இரவுப் பணி பத்து மணிக்கு.
விரல்நுனிக்கு ரப்பர் உறை,
தலைக்கு வலைத்தொப்பி,
வலது கண்ணுக்குப் பத்து மடங்கு லென்ஸ்.
மூச்சைப் பக்கவாட்டில்தான் விட வேண்டும்.
பொன்மேல் ஆவி படிந்தால்
அதுவும் ஒரு குறை.

இந்த மாதம் மிருகங்கள்.
ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஓவியர்களின் மிருகங்கள்.
கால் அவுன்ஸ், பத்தரைமாற்று,
நீல வெல்வெட் பெட்டி, சான்றிதழில் வரிசை எண்.
கொம்பு விரித்த வண்டு ஒன்று,
கீரி வகையில் ஏதோ வெள்ளைப் பிராணி,
முயல், காண்டாமிருகம்.
ஒவ்வொன்றிலும் ஆயிரத்து ஐந்நூறு.

முயல் முதலில் வந்தது.
காதுமயிரைத் தனித்தனியே எண்ணலாம்.
கால்களை எண்ணினேன்: மூன்று.
நாலாவது வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடக்கிறதாம்.
நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சம்பளம் வாங்கிக்கொண்டு சாதிக்கிறவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
சிரிப்பை முகமூடிக்குள் வைத்துக்கொண்டேன்.
பக்கத்து மேசை மில்யானாவுக்கு
இதை எப்படி ஜெர்மனில் சொல்ல?

காண்டாமிருகம் வந்த இரவு
முதல் காசையே சிவப்புத் தட்டில் போட்டேன்.
மூக்கில் கொம்பு, சரி.
பிடரிக்குப் பின்னால் முதுகில்
இன்னொரு குட்டிக் கொம்பு.
அச்சில் பிசிறு என்று எழுதினேன்.
இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும்.
பதினொன்று சேர்ந்தபோது கெர்லிண்டே எழுந்து வந்தாள்.
"பிசிறில்லை. படத்தில் அப்படித்தான்."
"மிருகத்தில் அப்படி இல்லையே."
"வரைந்தவர் மிருகத்தைப் பார்க்கவில்லை.
யாரோ எழுதிய கடிதத்தைப் பார்த்தார்."

குஜராத்திலிருந்து கப்பலேறியதாம்.
ஓர் அரசருக்குப் பரிசாக வந்து
இன்னொருவருக்குப் பரிசாகப் போகிற வழியில்
கால்சங்கிலியோடு கடலில் மூழ்கியதாம்.
கடிதம் மட்டும் மலை தாண்டி வந்தது.
தோல்மடிப்பைக் கவசமென்று எண்ணி ஆணி அடித்து,
காலுக்குச் செதில் ஒட்டி,
வெறுமையாய்க் கிடந்த முதுகில்
கொம்பு வைத்துவிட்டார் மனிதர்.
இதற்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?
ஆமாம், முளைத்திருக்கிறது.

எனக்கு நேர்ந்தது இதற்கு எதிர்.
அகதிப் படிவத்தில் பதின்மூன்று கட்டங்கள்.
அப்பா குலவீரசிங்கம்.
பதின்மூன்றோடு தாள் முடிந்தது,
சிங்கத்துக்கு வால் அறுந்தது.
அன்றிலிருந்து நான் திருமதி குலவீரசிங்.
பல் டாக்டர் பஞ்சாபா என்று கேட்கிறார்,
பல்லைத் திறந்துவைத்திருக்கும்போது
மறுக்க முடிவதில்லை.
குடியுரிமை வாங்கிய அன்று அதிகாரி
பிறப்புப் பத்திரத்தை விரித்து
"திருத்தித் தரவா?" என்றார்.
வேண்டாமென்றேன்.
ஏனென்று இன்னும் தெரியவில்லை.
வங்கி, ஓய்வூதியம், வாசல் மணிப்பலகை
என்று வீட்டில் சமாளித்தேன்.

மூன்றாம் இரவு.
அறுநூற்று எழுபத்திரண்டாவது காசு.
முதுகு வழவழவென்றிருந்தது.
அச்சின் குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால்
பொன் அதற்குள் ஏறாது.
விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
மூக்கில் ஒன்று, அவ்வளவுதான்.
கடிதம் படித்தவரும்
அவரைப் பார்த்துச் செதுக்கியவர்களும் தவறவிட்டது
எண்ணெயின் தயவில்
சரியாக வந்திருந்தது.

உறையைக் கழற்றிவிட்டு
வெறும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.
இதற்கு எச்சரிக்கைக் கடிதம் உண்டு.
இல்லாததை முயற்கொம்பு என்பார்கள்.
இது கையில் இருக்கிறது,
கனக்கிறது, சூடாகிறது,
ஆனால் உருக்குப் பானைக்குப் போக வேண்டியது இதுதான்.
கொம்பு முளைத்த ஆயிரத்துச் சொச்சமும்
வெல்வெட்டில் ஏறும்.

மில்யானா இருமினாள்.
உறையை மாட்டிக்கொண்டேன்.

சிவப்புத் தட்டு.
காரணம் என்ற கட்டத்தில்
முதுகுக்கொம்பு இல்லை என்று எழுதத் தொடங்கினேன்.
கட்டம் சின்னது, ஜெர்மன் சொல் நீளம்.
கடைசி இரண்டெழுத்து கோட்டுக்கு வெளியே விழுந்தது.
கெர்லிண்டே படிக்காமலே
கையெழுத்துப் போட்டாள்.